விரல் விட்டு அளந்தவர்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூடச் சான்றிதழோடு நின்றுவிட்டது. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் அரை இஞ்ச் மாஸ்டர். பெரிய துணிக்கடை ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில், ஒரு வெட்டு மேசை, ஒரு தையல் மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். மேலே வாங்கிய பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க, தொளதொளவென்று கிடக்கும் சட்டையைப் பிடித்துக்கொடுக்க என்று நாளெல்லாம் ஆட்கள் குனிந்து குனிந்து உள்ளே வருவார்கள். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மாஸ்டரிடம் தலை வணங்கித்தான் வர வேண்டும் என்று கடைப் பெண்கள் கேலி பேசுவார்கள்.

எவ்வளவு இறுக்கிப் பிடிக்கச் சொன்னாலும் அரை இஞ்ச் விட்டுத்தான் தைப்பார் என்பதால் அந்தப் பெயர். அளக்கும்போதே டேப்புக்கு அடியில் ஒரு விரலை நுழைத்துவிடுவார். "உடம்புன்னா ஏறும், இறங்கும். துணின்னா சுருங்கும். மனுஷன் மூச்சு விட வேணாமா?" என்பார். கல்யாண மாப்பிள்ளை ஒருவன், கோட்டு உடம்போடு ஒட்டவில்லை என்று அவரோடு மல்லுக்கு நின்றான். ஆறு மாதம் கழித்து அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "மாஸ்டர், மாமியார் கைப்பக்குவத்துக்கு இடம் விட்டிருக்கீங்க, நீங்க தீர்க்கதரிசி" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அந்த அரை இஞ்சின் தயவில் எத்தனையோ தொப்பைகள் மானத்தோடு பிழைத்தன. இருபத்திரண்டு வருடமாக அவர் விரல் தானாகவே டேப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர் ஐந்து மில்லி என்று எழுதியிருந்தால் ஐந்துதான். சீட்டை ஒரு தடவை பார்ப்பாள், பாட்டிலை இரண்டு தடவை பார்ப்பாள், கொடுத்தனுப்பிய பிறகும் மனதுக்குள் ஒரு தடவை பார்ப்பாள். "உங்க அரை இஞ்சை எல்லாம் எங்க கடையில வெச்சுக்காதீங்க, ஆளு போய்ச் சேர்ந்துடுவான்" என்று புருஷனைச் சீண்டுவாள். இப்படி எதிரும் புதிருமாக இரண்டு பேர் பதினோரு வருடம் காத்திருந்த பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

நர்ஸ் குழந்தையைத் துணி விலக்கிக் காட்டினாள். வலது கால் எல்லாக் குழந்தைகளின் கால் போலவும் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே குட்டையாக, முன்பக்கம் வளைந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி இருந்தது. பாதத்தில் மூன்று விரல்கள். மாஸ்டர் அந்தக் காலைப் பார்த்தார், குழந்தையின் முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். கண் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தது. ஓர் இஞ்ச் குறைவு.

எலும்பு டாக்டர் ஓர் அம்மாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர் என்று ஆஸ்பத்திரியில் பெயர். அந்த அறையில் உட்கார்ந்து அந்த வார்த்தையை நினைத்துப் பார்க்கவே மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கணும். இவளுக்கு வெளிப்பக்க எலும்பு உருவாகவே இல்லை. யாரும் எந்தத் தப்பும் பண்ணலை" என்றார் டாக்டர். மருந்துக்கடையில் தான் தொட்ட மாத்திரை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மனைவி கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் பொறுமையாக, "இல்லம்மா, அதனால இல்லை" என்றார். பதினேழாவது பெயரில் அவள் குரல் உடைந்தது.

குழந்தையைப் பட்டன் என்று கூப்பிட்டார்கள். கண் அப்படி உருண்டையாக, தைத்துவைத்த மாதிரி இருக்கும்.

மூன்றாம் மாதம் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். "இந்தப் பாதத்துல அவளால நிக்க முடியாது. கணுக்கால் தாங்காது. இன்னொண்ணு, இப்போ ஒண்ணேகால் இஞ்ச்தான் குறையுது. நல்ல கால் வளர வளர வித்தியாசமும் வளரும். பெரியவளாகும்போது இவ்வளவு குறையும்." மேசை விளிம்பில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையைத் தள்ளி வைத்துக் காட்டினார். தையல்காரரிடம் கையால் காட்டினால் போதும். எட்டரை இஞ்ச் என்று மாஸ்டரின் உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. "எலும்பை ஒடிச்சு, வளையம் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா இழுத்து நீட்டுறதும் உண்டு. ஆனா இவ்வளவு குறைஞ்சா படிக்கிற வயசு முழுக்க ஆஸ்பத்திரிதான், அப்பவும் பாதம் சரியாகாது. பத்து மாசத்துல பாதத்தை எடுத்துட்டா ஒரே ஆபரேஷன். குதிகால் அவளோடதே இருக்கும். அதைக் காலோட நுனிக்குக் கொண்டு வந்து தைச்சிடுவேன். செயற்கைக் கால் மாட்டினா மத்த பிள்ளைங்க நடக்கிற வயசுல இவளும் நடப்பா. அவ எழுந்து நிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முடிச்சிட்டா, அப்படி ஒரு பாதம் இருந்ததே அவளுக்குத் தெரியாது."

மாஸ்டரின் அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். கேட்டதும் வந்து நின்று வாசலிலேயே ஆரம்பித்தாள். "டேய் தம்பி, துணியை வெட்டிட்டா ஒட்டுப் போட்டுக்கலாம். பிள்ளை காலை வெட்டிட்டு எதைடா ஒட்டுவ?"

"அண்ணி, நடக்கணும்ல அவ" என்றாள் மனைவி.

"நடக்கிறதுக்குக் கால் இருக்கணும்ல?" என்றாள் அக்கா. அக்கா கெட்டவள் இல்லை. போகும்போது அந்த மூன்று விரலையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டுத்தான் போனாள்.

அளப்பது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் ஜன்னலோரக் கட்டிலில் பட்டனைப் படுக்க வைத்து, இரண்டு காலையும் மாஸ்டர் டேப் வைத்து அளப்பார். வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டில் கடைசிப் பக்கம் அவளுடையது. மற்றவர் பக்கங்களில் அவரவர் துணியில் ஒரு துண்டு குத்தியிருக்கும். இந்தப் பக்கத்தில் அவள் பிறந்தபோது சுற்றியிருந்த துணியில் ஒரு துண்டு. முதல் மாதம் வித்தியாசம் ஓர் இஞ்ச். மூன்றாம் மாதம் ஒன்றே கால். டாக்டர் அம்மாள் சொன்னது சரிதானோ என்று இரண்டாம் தடவையும் அளந்து பார்த்தார். அதற்கு அடுத்து நல்ல காலம் பிறந்த மாதிரி இருந்தது. ஐந்தாம் மாதம் ஓர் இஞ்ச். ஏழாம் மாதம் முக்கால். ஒன்பதாம் மாதம் முடிகிறபோது அரை இஞ்ச்தான்.

"பார்த்தியா, பிடிச்சுக்கிட்டு வருது!" என்று நோட்டை மனைவியிடம் நீட்டினார். அவள் எண்களைப் படித்தாள். ஐந்து மில்லியை மூன்று தடவை சரிபார்க்கிறவள், அன்றைக்கு டேப்பைக் கையில் வாங்கி ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. "நல்லா பார்த்தீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆசை யாரை விட்டது?

அளப்பது பட்டனுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. டேப்பைக் கண்டதும் முதலில் இடது காலைத் தூக்கி நீட்டுவாள். மாஸ்டர் அளந்துவிட்டு, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முத்தம் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். மூன்று சொன்னதும்தான் அந்தக் காலைக் கீழே இறக்குவாள்; பிறகு வலது காலை நீட்டுவாள். அதற்கு ஐந்து. வரிசை மாறினால் ஒத்துக்கொள்ள மாட்டாள். எண்ணாமல் விட்டால் கால் அந்தரத்திலேயே நிற்கும், கண் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அவளுக்கு மாஸ்டர் தைத்த பைஜாமாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதத்தையும் சேர்த்து மூடுகிற மாதிரி தைப்பார். இடது காலுக்குள் பஞ்சு வைத்துத் தட்டித் தட்டிச் சரிசெய்து, இரண்டு காலும் ஒரே நீளமாகத் தெரியும்படி செய்துவிடுவார். தெருவில் பார்க்கிறவர்கள், "யாரு தைச்சது, என்ன அழகு!" என்பார்கள். அந்தப் பஞ்சை வைத்துத் தைக்கிறபோது, பேன்ட்டின் கிழிசலை மறைத்துத் தைத்து விற்கிறவனைப் போல அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வார்.

பத்தாம் மாதம் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, நோட்டோடு டாக்டரிடம் போனார். டாக்டர் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை படித்தார். "நீங்க கவனமா எழுதியிருக்கீங்க. ஆனா எக்ஸ்ரேல இப்படித் தெரியலையே சார். ஒன்றரை இஞ்ச் காட்டுது."

"எக்ஸ்ரே எடுக்கும்போது அவ காலை மடக்கிட்டா டாக்டர். நான் இருபத்திரண்டு வருஷமா அளக்கிறேன். என் கை தப்பாது" என்றார் மாஸ்டர். "கொஞ்ச நாள் கொடுங்க. அதுவே சரியாயிடும்."

டாக்டர், மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார். அவள் குழந்தையின் சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் மனசோட கையெழுத்து போடாம நான் தொட மாட்டேன். மூணு மாசத்துல வாங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

தள்ளிப் போட்டார்கள். மூன்று மாதம் ஐந்து மாதம் ஆனது. ஒரு தடவை சளி, ஒரு தடவை துணிக்கடையில் தள்ளுபடி விற்பனைக் கூட்டம், ஒரு தடவை காரணமே இல்லை.

பதினைந்தாம் மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் மனைவி பட்டனைக் கடையில் விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மாஸ்டர் ஒரு பேன்ட்டின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். தரையில் நூல்கண்டோடு உட்கார்ந்திருந்தவள் வெட்டு மேசையின் காலைப் பிடித்தாள். இழுத்தாள். எழுந்துவிட்டாள். வலது காலை ஊன்றி, இடது காலுக்காக உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, பஞ்சு பொதிந்த பைஜாமாவோடு நின்றாள். மாஸ்டரைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு. மாஸ்டர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டார். கடைப் பெண்கள் மூன்று பேர் படியிலிருந்து குனிந்து பார்த்துக் கைதட்டினார்கள். மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் கண்ணே தெரியவில்லை. நின்றுவிட்டாள்! டாக்டர் நிற்காது என்று சொன்ன கால் நின்றுவிட்டது!

ஒரு வாரம் அவள் நின்றுகொண்டே இருந்தாள். கட்டிலைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, அம்மாவின் புடவையைப் பிடித்து. எட்டாம் நாள் குளிப்பாட்டும்போது மனைவி ஒரு சத்தம் போட்டாள். மாஸ்டர் ஓடிப்போய்ப் பார்த்தார். பாதம் தரையில் படவே இல்லை. இடது கணுக்காலின் பக்கவாட்டு எலும்பில் அவள் நின்றிருக்கிறாள். அந்த இடத்தில் தோல் உரிந்து, சிவந்து, பஞ்சு நூல் ஒட்டியிருந்தது. ஒரு வாரம் அதன் மேல் நின்று அவள் சிரித்திருக்கிறாள். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்கள். இங்கே ஏறியதே இல்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புது எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் மாட்டினார். "ரெண்டு இஞ்ச்" என்றார்.

"இல்ல டாக்டர், போன ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். அரை இஞ்ச்தான். நீங்க வேணும்னா பாருங்க, இப்பவே அளந்து காட்டுறேன்." மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். பட்டன் மேசை மேல் படுத்திருந்தாள். டேப்பைப் பார்த்ததும் இடது காலைத் தூக்கி நீட்டினாள். மாஸ்டர் அவள் இடுப்பில் டேப்பின் நுனியை வைத்து, வளைந்த காலின் மேலாகக் குதிகால் வரை கொண்டு வந்தார். டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றிக்கொண்டிருந்தார். பார்த்தது மனைவி மட்டும்தான். டேப்புக்கு அடியில் அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் இருந்தன. முழங்காலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. டேப் காலைத் தொடாமல் அந்த விரல்களின் மேல் ஏறி இறங்கி, காலின் நீளத்தைக் கூட்டிக்கொண்டு குதிகாலுக்குப் போனது.

அவள் குரலை உயர்த்தவில்லை. "என்னங்க," என்றாள். "விரலை எடுங்க."

மாஸ்டர் குனிந்து தன் கையைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ஒரு விரலை எடுத்தார். டேப் தொய்ந்தது. இன்னொரு விரலையும் எடுத்தார். டேப்பை இழுத்துப் பிடித்தார். எண் அவர் கண்ணுக்குத் தெரிந்தது, வாய் சொல்லவில்லை. வலது காலை அளக்கவே இல்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே போனார், சுருட்டி முடித்த பிறகும் விரல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

வேண்டுமென்று செய்தாரா என்று கேட்டால், இல்லை. வளர்கிற உடம்புக்கு இடம் விட்டே பழகிய கை, வளரவேண்டிய காலுக்கும் இடம் விட்டது. முதலில் ஒரு விரல், ஆசை கூடக்கூட இரண்டாவது விரல். ஊரில் இத்தனை பேருக்கு நன்மை செய்த விரல், சொந்தப் பிள்ளைக்கு ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டது. இதை அவர் ஒருத்தரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த மாதம் அவர் தைத்த எதிலும் அரை இஞ்ச் இல்லை. "என்ன மாஸ்டர், மூச்சு விட முடியலை" என்று திருப்பிக் கொண்டு வந்தவர்களுக்குப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்.

தேதி குறித்தார்கள். கையெழுத்துப் போடும்போது அக்காவும் வந்திருந்தாள். மாஸ்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். உரிந்த தோலை அக்கா ஏற்கெனவே பார்த்திருந்தாள். "போடுடா" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று விடிந்ததிலிருந்து குழந்தைக்குப் பால் கிடையாது. பசியில் அம்மாவின் மார்பைத் தேடித் தேடி அழுதவளை மாஸ்டர் வாங்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். ஆஸ்பத்திரி அங்கி அவளுக்கு மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. "ஒரு ஊசி கிடைச்சா தோள்ல ரெண்டு தையல் போட்டுடுவேன்" என்றார் நர்ஸிடம். "வேணாம் சார், இன்னும் பத்து நிமிஷத்துல உள்ள கூட்டிட்டுப் போயிடுவோம்" என்றாள் அந்தப் பெண். டாக்டர் வந்து, இடது கணுக்காலுக்கு மேல் ஊதாப் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார். எந்தக் கால் என்று தவறிவிடக் கூடாது என்பதற்காக. மாஸ்டர் தன் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான துணிகளில் வெட்டுக்கோடு போட்டிருக்கிறார். பிடிக்காவிட்டால் தட்டிவிடலாம், சாக்பீஸ்தானே. இது தட்டினால் போகாது.

உள்ளே போகிற கதவுவரை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். நர்ஸ் கையை நீட்டினாள். குழந்தையைக் கொடுக்கிற அந்த நேரத்தில், மாஸ்டரின் சட்டைப் பையிலிருந்து டேப்பின் நுனி வெளியே தொங்குவதைப் பட்டன் பார்த்துவிட்டாள். பழக்கம் மாஸ்டருக்கு மட்டுமா? அழுகையை நிறுத்தினாள். நர்ஸின் கைக்கு மேலாக இடது காலை நீட்டினாள். அம்புக்குறியோடு, மூன்று விரலோடு. கண் அப்பாவின் வாயைப் பார்த்தது.

மாஸ்டர் எண்ணியிருக்கலாம். மூன்று வார்த்தைதான். வாய் திறக்கவில்லை. நர்ஸுக்கு என்ன தெரியும் பாவம், அவள் திரும்பி நடந்தாள். கதவு ஒருமுறை ஆடி மூடிக்கொண்டது.

வராந்தாவில் ஒரு பெஞ்ச். பட்டனின் பைஜாமா மாஸ்டரின் மடியில் கிடந்தது. அவருடைய விரல்கள் சும்மா இருக்காது. இடது காலின் ஓரத்தில் ஒரு நூலை நகத்தால் கிளப்பி இழுத்தார். தையல் பிரிந்தது. உள்ளேயிருந்த பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். பை உப்பிக்கொண்டு நின்றது.

"நான் ஒரு தடவை டேப்பைக் கையில வாங்கியிருக்கலாம்" என்றாள் மனைவி. "வாங்கினா தெரிஞ்சுடும்னு எனக்குத் தெரியும். அதான் வாங்கலை."

மாஸ்டர் அவளுடைய கையைப் பிடித்துத் தன் மடியில், அந்தக் காலியான பைஜாமாவின் மேல் வைத்துக்கொண்டார். டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது மாஸ்டர் முதலில் பார்த்தது தையலை. காலின் நுனியில் குதிகால் தோலைக் கொண்டு வந்து மடித்து, ஒரே இடைவெளியில், சுருக்கமே இல்லாமல் பதினொரு தையல். நல்ல கை என்று நினைத்தார். நினைத்த மறுநொடியே அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அதைவிடக் கஷ்டமான நாட்கள் வீட்டில் இருந்தன. பட்டன் நிற்கக் கற்றிருந்தாள் அல்லவா? கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுவாள். இடது காலை ஊன்றப் பார்ப்பாள். அங்கே தரை எட்டாது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டு, குனிந்து, கட்டுப் போட்ட நுனியைக் கையால் தடவித் தடவித் தேடுவாள். பிறகு நிமிர்ந்து இவர்களைப் பார்ப்பாள். எடுத்து வைத்தவர்கள் இவர்கள்தான், திருப்பிக் கொடுப்பார்கள் என்பது போல. பத்தாம் மாதத்தில் முடிந்திருந்தால் இந்தத் தேடல் இருந்திருக்காது. "பிள்ளைங்க சீக்கிரம் மறந்துடுவாங்க சார்" என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். மாஸ்டர் தலையாட்டினார். அந்த நாட்களில் அவர் டேப்பைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலையிலேயே எங்கேயாவது வெளியே போய்விடுவார்.

இரண்டு மாதம் கழித்துச் செயற்கைக் கால் பட்டறைக்குப் போனார்கள். நீளமான ஒரு கொட்டகை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கால்கள். எல்லாவற்றின் மேலும், காலுக்கு அச்சு எடுக்கிற வெள்ளை மாவுப் பொடி. கால் செய்கிறவர் புருவம்வரை வெள்ளையாக இருந்தார்.

"நீங்க டெய்லராமே? அப்போ நாம அண்ணன் தம்பி மாதிரிதான், ரெண்டு பேருக்கும் அளவு தப்பினா உதைதான்" என்று சிரித்தார். மேசைமேல் கிடந்த டேப்பை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார். "என் கை பூரா ஈர மாவு. நீங்களே ரெண்டு காலையும் இடுப்புலேர்ந்து அளந்து சொல்லுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. கூட்டிக் குறைச்சுச் சொல்லாதீங்க. வளர்றதுக்கு இடம் விடுறது என் வேலை. நீங்க இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்க."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். "நீயே அளந்துடேன்" என்றார். அவள் கையை நீட்டவில்லை. "நீங்க அளங்க" என்றாள்.

டேப்பை விரித்தார். பட்டன் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு மேலாகக் காணாத சாமான். முகமெல்லாம் மலர்ந்து, இடது காலைத் தூக்கி நீட்டினாள்.

மாஸ்டர் அவள் இடுப்பில் நுனியை வைத்தார். விரல்களை எல்லாம் மடக்கிக்கொண்டு, டேப்பைத் தோலோடு தோலாக இழுத்து, தையல் தழும்புவரை கொண்டு வந்து நிறுத்தினார். எண்ணைப் பார்த்தார். "ஒன்பதே கால்" என்றார். குரல் கொட்டகைக்கே கேட்டது. மனைவி எழுதிக்கொண்டாள்.

கால் கீழே இறங்கவில்லை. அந்தரத்திலேயே நின்றது. பட்டனின் கண் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் குனிந்தார். காலின் நுனியில் தோல் மெத்தென்று, கொஞ்சம் தடிப்பாக இருந்தது. அது அவளுடைய குதிகால்தான், டாக்டர் சொன்னபடி அங்கேயே இருந்தது. அதில் வாயை வைத்தார். "ஒண்ணு" என்றார். மறுபடி வைத்தார். "ரெண்டு." மூன்றாவது தடவை வைத்த வாயை எடுக்க அவருக்கு நேரமாயிற்று. "மூணு."

அவள் அந்தக் காலை இறக்கினாள். வலது காலை நீட்டினாள்.